சித்திலெப்பைக்கு முகநூல் இருந்திருந்தால்

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் பிறகு வாசியுங்கள். வாசிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பது போகப் போகத் தெரியும்.

கடந்த செவ்வாய்க்கிழமை தரம் 11 வரலாற்றுப் பாடம். தேசிய மறுமலர்ச்சி அலகு. ஆறுமுக நாவலர், ஒல்கொட், அநகாரிக தர்மபால, சித்திலெப்பை என்று வரிசையாகப் போகும். பரீட்சையில் கேள்வி வருகிற இடம் என்பதால் நாமும் வழக்கம்போலக் கரும்பலகையில் கட்டம் போட்டு, பெயர், ஆண்டு, பத்திரிகை, பாடசாலை என்று நிரப்பிக்கொண்டிருந்தோம். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பியது.

"சேர், அந்தக் காலத்தில பேஸ்புக் இருந்திருந்தா சித்திலெப்பை பள்ளிக்கூடம் கட்டியிருப்பாரா? இல்லாட்டி போஸ்ட் போட்டுட்டு இருந்திருப்பாரா?"

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல வரவில்லை. மணியடித்தது நல்லதாகப் போயிற்று.

அந்தப் பிள்ளை சும்மா கேட்கவில்லை. எமது பாடசாலையில் இரண்டு தவணையாகக் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. மூன்று வாரத்துக்கு முன் ஒரு போஸ்டர் ஊர் முழுக்கச் சுற்றியது. 'எங்கள் பிள்ளைகளுக்குக் கணித ஆசிரியர் வேண்டும்' என்று சிவப்பு எழுத்து. நல்ல போஸ்டர். ஒரே இரவில் நானூறு பேருக்கு மேல் பகிர்ந்தார்கள். முதலில் பகிர்ந்தவர்களில் நாமும் ஒருவர். அடுத்த நாள் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: ஆசிரியர் வரும் வரைக்கும் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் நாமே வகுப்பு வைப்போம், உயர்தரத்தில் கணிதம் படித்தவர்கள் யார் யார் வருகிறீர்கள் என்று. அறுபது, எழுபது கட்டைவிரல் வந்தது. "மாஷா அல்லாஹ், நல்ல முயற்சி" வந்தது. சனிக்கிழமை காலையில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார், மற்றவர் பல்கலைக்கழகம் விடுமுறை என்று வீட்டுக்கு வந்த பிள்ளை. நாம் அன்று ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தோம். கேள்வி கேட்ட பிள்ளை அந்த வகுப்பில் இருந்திருக்கிறது.

ஆகவே இந்தப் பதிவு யாரையும் குத்திக் காட்ட எழுதுவது அல்ல. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இரண்டு நாள் பழைய புத்தகங்களைப் புரட்டியதில் கிடைத்ததை எழுதுகிறோம்.

முதலில் ஒன்று. சித்திலெப்பையிடமும் ஒரு முகநூல் இருந்தது. அதன் பெயர் 'முஸ்லிம் நேசன்'.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர். வாப்பாவும் சட்டத்தொழில் செய்தவர். மகனும் புறக்டராகி, உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்காடினார். கண்டி மாநகர சபையிலும் இருந்தார். ஊரில் மதிப்பு, கையில் வருமானம், இரண்டும் இருந்தன. அப்படியே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1882 டிசம்பர் 21ஆம் திகதி, தன் நாற்பத்து நான்காவது வயதில், வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். தமிழிலும் அரபுத் தமிழிலும் எழுத்து. ஏன் அரபுத் தமிழ் என்றால், குர்ஆன் ஓதத் தெரிந்த எத்தனையோ பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அவர்களையும் விடக் கூடாது என்ற எண்ணம். இன்றைக்கு வொய்ஸ் மெசேஜில் சொன்னால்தான் உம்மாமாருக்குப் போய்ச் சேரும் என்று நாம் நினைப்பதைப் போல.

என்ன எழுதினார்? ஆங்கிலம் படியுங்கள், பெண் பிள்ளைகளைப் படிக்க விடுங்கள், உலகத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் ஆங்கிலப் பாடசாலை என்றால் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைதான். அங்கே அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை விட்டுவிடும் என்று பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் பயத்தின் விலையைக் கொடுத்தது பிள்ளைகள். அரச வேலைகள், மருத்துவம், சட்டம் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்த காலத்தில் நமது சமூகம் கடையிலும் தறியிலும் வயலிலும் நின்றுவிட்டது. இதைத்தான் வாரா வாரம் எழுதினார். எதிர்ப்பும் வந்தது. வராமல் இருக்குமா?

பத்திரிகை எழுதியது வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. சொல்லாமல் ஒன்றும் தொடங்காது. நாவலரைப் பாருங்கள், 1848இல் வண்ணார்பண்ணையில் பாடசாலை, அடுத்த ஆண்டே அச்சியந்திரம். பௌத்தர் பக்கத்திலும் பத்திரிகையும் பாடசாலையும் கூடவே வந்தன, 1886இல் கொழும்பில் ஆனந்தா தொடங்கியது. மூன்று சமூகத்திலும் சொல்லும் வேலையும் செய்யும் வேலையும் ஒரே ஆட்களின் தலையில் விழுந்திருக்கின்றன. நமது பாடநூல் பத்திரிகைக்கு ஒரு வரி, பாடசாலைக்கு ஒரு வரி என்று சமமாகக் கொடுத்துவிட்டுப் போகிறது. எந்த வரிக்குப் பின்னால் எவ்வளவு வியர்வை என்று அதில் தெரியாது.

அடுத்து வருவதுதான் நமக்கு மிகவும் பிடித்த பகுதி.

பத்திரிகை தொடங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. 1883 ஜனவரியில் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வந்து நின்றது. உள்ளே எகிப்தின் ஒராபி பாஷாவும் அவருடைய தோழர்களும். ஆங்கிலேயருக்கு எதிராக எழும்பி, முந்தின ஆண்டு செப்டெம்பரில் தெல் அல் கபீர் போரில் தோற்று, நாடுகடத்தப்பட்டவர்கள். நமது ஆட்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். ஆங்கிலேயனை எதிர்த்த ஒரு முஸ்லிம் தளபதி நமது கரையில் வந்து இறங்குகிறார் என்றால் சும்மாவா? 'முஸ்லிம் நேசன்' பாஷாக்களைப் பற்றி எழுதிற்று.

இந்த எகிப்தியர்கள் தலையில் வைத்திருந்தது சிவப்புத் துருக்கித் தொப்பி, குஞ்சம் வைத்தது. அதைப் பார்த்து இங்கேயும் அந்தத் தொப்பி பரவியது. கலியாணத்தில், ஜும்ஆவில், கடையில், போட்டோவில். பாட்டன்மாரின் பழைய போட்டோ உள்ள வீடுகளில் இன்றைக்கும் பாருங்கள், தலையில் அது இருக்கும். சொல்வதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் அந்தக் காலத்தின் புரொபைல் படம். நான் யார் பக்கம் என்று ஊருக்குக் காட்ட ஒரு வழி. தொப்பி வாங்கலாம், போடலாம், கழற்றலாம். அதில் பிழை ஒன்றும் இல்லை.

சித்திலெப்பையும் ஒராபி பாஷாவின் மேல் மரியாதை வைத்திருந்தார். ஆனால் அவர் பாஷாவைத் துறைமுகத்தில் பார்த்ததோடு விடவில்லை. படித்த, நாலு நாடு பார்த்த ஒரு மனிதர் இங்கே வந்து அகப்பட்டிருக்கிறார், இவரைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசித்தார். பாடசாலை வேலைக்கு இழுத்தார்.

1884இல் கொழும்பு புதிய சோனகத் தெருவில் ஒரு பாடசாலை தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. கண்டியிலும் குருநாகலிலும் முயன்றார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று திறந்தார். அந்தக் காலத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை என்றால் என்ன பேச்சுக் கேட்டிருப்பார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. சட்டத்தொழிலை மெல்ல மெல்லக் கைவிட்டார். இடையில் 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று இலக்கியக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒன்று உடனே விளங்கும். பத்திரிகை வாரத்துக்கு ஒரு நாள், பாடசாலை வாரத்துக்கு ஐந்து நாள். பத்திரிகையில் பிழை வந்தால் அடுத்த வாரம் திருத்தம் போடலாம். பாடசாலையில் ஆசிரியர் ஒரு நாள் வராவிட்டால் நாற்பது பிள்ளைகள் சும்மா இருக்கும். சம்பளம் கொடுக்க வேண்டும், வாங்கு மேசை செய்ய வேண்டும், மழைக்கு ஒழுகும் கூரையைப் பார்க்க வேண்டும், பிள்ளையை அனுப்பாத வாப்பாவின் கடைவாசலில் போய் நிற்க வேண்டும். இவை ஒன்றும் பத்திரிகையில் செய்தியாக வராது. புதிய சோனகத் தெருப் பாடசாலை நிலைக்காமல் போனபோது, 'பார்த்தீர்களா, நாங்கள் அப்பவே சொன்னோம்' என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வசனம் 1884க்கும் பழையது.

எட்டு ஆண்டு கழித்து மறுபடியும் தொடங்கினார்கள். 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் காணியில் அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா. இப்போது ஸாஹிராக் கல்லூரி. முன்னால் நின்றவர்கள் சித்திலெப்பை, ஒராபி பாஷா, வாப்பிச்சி மரைக்கார். வாப்பிச்சி மரைக்காரைப் பற்றி ஒரு வார்த்தை. 1877இல் திறந்த கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர்தான். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வையுங்கள், அது போதும் என்றாராம். இது எல்லோரும் சொல்லும் கதை. பேச்சாளர் அல்ல, எழுத்தாளரும் அல்ல. கட்டத் தெரிந்தவர். ஒரு எழுத்தாளர், ஒரு தளபதி, ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். இந்த மூன்று பேரில் ஒருவர் குறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் அடிக்கடி யோசிப்பதுண்டு. குறிப்பாக மூன்றாமவர்.

சித்திலெப்பை 1898இல் மௌத்தானார். பாஷா 1901இல் எகிப்துக்குத் திரும்பிப் போனார்.

இனி அந்தத் தொப்பிக்கு வருவோம். 1905. எம்.சி. அப்துல் காதர் என்ற சட்டத்தரணி துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார். தொப்பியோடு வழக்காட முடியாது என்கிறார் பிரதம நீதியரசர் லெயார்ட். அப்துல் காதர் கழற்ற மாட்டேன் என்று வெளியே வந்துவிடுகிறார். அதே தொப்பிதான். ஆனால் இருபது வருடமாகக் கடையிலும் கலியாணத்திலும் ஒரு செலவும் இல்லாமல் இருந்த தொப்பிக்கு இப்போது விலை வந்துவிட்டது. விலையைக் கொடுத்தவர் ஒரு மனிதர், அவருடைய தொழில். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றவர்கள் குழு அமைத்து வேலை செய்தார்கள். ஆண்டுக் கடைசியில், டிசம்பர் 31, மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெரும் கூட்டம். ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கடைசியில் தொப்பியோடு நீதிமன்றம் போக அனுமதியும் கிடைத்தது. நமது சமூகத்தின் முதல் பெரிய வெகுசனப் போராட்டம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. சரிதான். வென்ற போராட்டம்.

அந்தக் கூட்டம் நடந்த வளவிலேயே ஒரு பாடசாலையும் இருந்தது.

1921இல் டீ.பீ. ஜாயா அந்தப் பாடசாலைக்கு அதிபராக வந்தபோது அங்கே இருந்த மாணவர்கள் 59 பேர். ஆசிரியர்கள் 6 பேர். தொடங்கி இருபத்தொன்பது ஆண்டு. தொப்பிக்காக ஆயிரக்கணக்கானோர் நின்ற நிலத்தில், படிப்புக்காக 59 பிள்ளை. இதை வாசித்தபோது நாம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். நானூறு பகிர்வு, இரண்டு பேர் என்ற எமது சனிக்கிழமைக் கணக்கு புதிது அல்ல. நூறு வருடமாக நாம் இப்படித்தான்.

அந்த ஆயிரம் பேரைக் குறை சொல்வதும் நியாயம் இல்லை. ஒரு பின்னேரம் போய்க் கூட்டத்தில் நிற்பது எல்லோராலும் முடியும். ஒரு பிள்ளையைக் கடையில் இருந்து எடுத்துப் பத்து வருடம் படிக்க வைப்பது வேறு. கையுதவி போகும், வருமானம் போகும், பலன் எப்போது வரும் என்றும் தெரியாது. வாப்பாமார் கணக்குப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஜாயா என்ன செய்தார் என்றால், இருந்தார். 1948 வரைக்கும், இருபத்தேழு வருடம். மலாய் சமூகத்தவர், ஆனந்தாவில் படிப்பித்துவிட்டு வந்தவர். புத்தளம், அளுத்கம, மாத்தளை, கம்பளை என்று கிளைப் பாடசாலைகளும் அவர் காலத்தில் வந்தன. சட்ட சபையிலும் பேசினார், சுதந்திரத்துக்கும் குரல் கொடுத்தார். பாடநூலில் அந்தப் பேச்சுக்குத்தான் இடம். நமக்கு அந்த இருபத்தேழு வருடக் காலைகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. அவருக்குப் பிறகு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். அந்தப் பதவியை விட்டுவிட்டு ஒரு பாடசாலைக்கு அதிபராக வந்தார். இன்று அப்படி ஒருவர் செய்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்!

சரி, இதெல்லாம் பழங்கதை, எங்கள் காலத்தில் போஸ்ட் போட்டுத்தானே ஜனாஸா எரிப்பை நிறுத்தினோம் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். அதையும் பார்ப்போம்.

2020 ஏப்ரலில் கொவிட் தொற்றில் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று இங்கே வாசிப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரம் பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையை எரித்தார்கள். பொரளை கனத்தை வேலியில் யாரோ வெள்ளைத் துணி கட்டினார்கள். இன்னும் பலர் கட்டினார்கள், முஸ்லிம் அல்லாதவர்களும் வந்து கட்டினார்கள். இரவோடு இரவாக அவிழ்த்தார்கள், மறுபடியும் கட்டினார்கள். நமது முகநூல் முழுக்க வெள்ளைத் துணி. நமது புரொபைல் படமும் அதுதான். உலகம் அதைப் பார்த்தது. ஐ.நா. நிபுணர்கள் பேசினார்கள், வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின. அந்த வேலையைப் போன் இல்லாமல் செய்திருக்க முடியாது. அதை மறுப்பவர் பொய் சொல்கிறார்.

ஆனால் அந்தக் கதையை நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும்போது சிலரை விட்டுவிடுகிறோம். ஜனாஸாவை எரிக்க நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம் என்று பொறுப்பேற்க மறுத்த குடும்பங்கள். குடும்பம் பொறுப்பேற்காவிட்டாலும் எரிக்கலாம் என்று சட்டமா அதிபர் சொன்ன பிறகும் மறுத்தவர்கள். பணம் வாங்காமல் வழக்காடிய, நமது சமூகத்தைச் சேராத சட்டத்தரணிகள். 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலில் இருந்து பொலிகண்டிக்கு நடந்த தமிழர்களும் முஸ்லிம்களும். தமிழ் மக்களுக்கு அவர்களுடைய காயங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றோடு நமது ஜனாஸாவையும் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். பெப்ரவரி 25ஆம் திகதி, ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரத்தில், அடக்க அனுமதி வந்தது.

அன்று இரவு முகநூலில் அல்ஹம்துலில்லாஹ் மழை. நாமும் போட்டோம். படத்தை மாற்றினோம். நமக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

எங்கே அடக்குவது? முதலில் இரணைதீவு என்றார்கள். கடற்படையிடமிருந்து தங்கள் தீவைப் போராடித் திரும்பப் பெற்று மூன்று வருடம்கூட ஆகாத மீனவ மக்கள் அங்கே. அவர்கள் எதிர்த்தார்கள், அவர்களைக் கேட்காமல் அறிவித்தால் எதிர்க்கத்தானே செய்வார்கள். பிறகு ஓட்டமாவடி, மஜ்மா நகர். அந்த ஊர் மக்கள் காணியை விட்டுக்கொடுத்தார்கள். வசதியான மக்கள் அல்ல. மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸா. அதிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம், நாட்டின் எந்த மூலையில் இருந்தும் இராணுவ வாகனத்தில் பெட்டிகள் அங்கே வந்தன. பிரதேச சபையும் ஊர்ப் பொடியன்களும் குழி வெட்டினார்கள், இறக்கினார்கள், மண் தள்ளினார்கள், இலக்கம் போட்ட கல்லை நட்டார்கள். குடும்பத்தில் ஓரிரண்டு பேருக்குத்தான் அனுமதி. மற்றவர்களுக்காக அந்தப் பொடியன்கள் நின்றார்கள்.

மொத்தம் 3,634 பேர். அதில் 2,992 பேர் முஸ்லிம்கள். மீதிப் பேரில் இந்துக்கள் 287, பௌத்தர்கள் 270, கிறிஸ்தவர்கள் 85. முஸ்லிம்களின் பிரச்சினை என்று பேசப்பட்ட மையவாடியில் அறுநூற்றுச் சொச்சம் பேர் முஸ்லிம்கள் அல்ல.

எமது சக ஆசிரியர் ஒருவருடைய வாப்பா அங்கே அடங்கியிருக்கிறார். 2021 ஓகஸ்ட் மாதம், பிணங்கள் குவிந்த மாதம். அவர் ஒருமுறை சொன்னார்: "நாங்க போய்ச் சேரும்போது இரவாகிட்டுது. மழை. ஒரு பொடியன் உடம்பெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் உடுப்பு. வாப்பாவைப் பிடிச்சு இறக்கினான். கையைப் பிடிச்சு நன்றி சொல்லவும் ஏலாது, தொடக்கூடாதே. பேரையும் கேக்கல்ல." அந்தப் பொடியனிடம் அப்போது முகநூல் இருந்திருக்கலாம், அவனும் வெள்ளைத் துணிப் படம் போட்டிருக்கலாம். நமக்குத் தெரியாது.

2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அதையும் பகிர்ந்தோம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போனோம். அந்தப் பிள்ளைக்குப் பதில் சொன்னோம். சித்திலெப்பைக்கு முகநூல் இருந்திருந்தால் முதல் நாளே கணக்குத் திறந்திருப்பார், எங்களை விட அதிகமாகப் போஸ்ட் போட்டிருப்பார், பின்னூட்டத்தில் சண்டையும் பிடித்திருப்பார். அப்படியான ஆள்தான். பாடசாலையும் கட்டியிருப்பார். முதலாவது இழுத்து மூடப்பட்டிருக்கும், அதற்கு ஆயிரம் பேர் சிரிப்பு இமோஜி போட்டிருப்பார்கள், அவர் இரண்டாவதைக் கட்டப் போயிருப்பார். 59 பிள்ளைகளின் கதையையும் சொன்னோம். ஓட்டமாவடியையும் சொன்னோம். வகுப்பு அமைதியாகக் கேட்டது.

பிள்ளை மறுபடியும் எழும்பியது. "அப்ப நாளைக்குச் சனிக்கிழமை. நீங்க வருவீங்களா சேர்?"

நமக்குக் கணிதம் வராது. சாதாரண தரத்தில் எடுத்த பெறுபேற்றை இங்கே எழுதும் துணிச்சல் இல்லை. ஆனால் போனோம். காலை எட்டு மணிக்குக் காவலாளியிடம் சாவி வாங்கி வகுப்பைத் திறந்தோம், வரவு எடுத்தோம், வராத ஒன்பது பிள்ளைகளின் வீட்டுக்குக் கோல் எடுத்தோம். நான்கு பேர் அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார்கள், ஒருவர் பல் துலக்காமல் வந்தது தெரிந்தது. வங்கிக்காரத் தம்பி சமன்பாடு நடத்தினார். நன்றாக நடத்துகிறார், நமக்கே கொஞ்சம் விளங்கியது. பல்கலைக்கழகப் பிள்ளைக்கு அடுத்த கிழமை விடுமுறை முடிகிறது, திரும்பிப் போக வேண்டும்.

ஆகவே ஓர் இடம் காலியாகிறது. திரிகோணகணிதமும் வட்டமும் இன்னும் தொடங்கவில்லை. சனிக்கிழமை காலை 8.30 முதல் 10.30 வரை, பரீட்சை வரைக்கும். சம்பளம் இல்லை, பிளேன்டீ உண்டு. ஒரு நாள் மட்டும்தான் முடியும் என்றாலும் சரி. விருப்பம் உள்ளவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுத வேண்டாம். பாடசாலை அலுவலக மேசையில் நீல அட்டைக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். வந்து பெயரையும், வரக்கூடிய திகதியையும் எழுதிவிட்டுப் போங்கள். இந்த வரி எழுதும் வரைக்கும் அதில் மூன்று பெயர்.